கலாநிதி முடித்தாயிற்று, போஸ்ட்டொக்குக்கு எப்படிப் போவது? (யாழ்ப்பாணத்திலிருந்து)

கிணற்றடி
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் என் கலாநிதிப் பட்டத்துக்கான வாய்மொழிப் பரீட்சை முடிந்தது. திருத்தங்களும் செய்து கொடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துக் கிணறுகளில் எவ்வளவு நைத்திரேற்று (உரத்திலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் தண்ணீரில் கலப்பது) இருக்கிறது, மழைக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்பதுதான் ஆய்வு. ஐந்தரை வருடம் எடுத்தது. மாதம் ஒருமுறை ரிஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பி, போத்தல்களை அடுக்கி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, அளப்பதற்காகப் பேராதனைக்குப் போய் வந்திருக்கிறேன்.

இப்போது தற்காலிக உதவி விரிவுரையாளராக இருக்கிறேன். ஒப்பந்தம் டிசெம்பரில் முடிகிறது. நிரந்தர வெற்றிடம் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. மேற்பார்வையாளர் "போஸ்ட்டொக் ஒன்றுக்குப் போ" என்கிறார், அதாவது கலாநிதிக்குப் பிறகு சில வருடம் செய்யும் ஆய்வு வேலைக்கு. எங்கே, எப்படி என்று கேட்டால் "தேடிப் பார்" என்கிறார். மகள் நித்திரையான பிறகு தேடுகிறேன். நூற்றுக்கணக்கில் விளம்பரம் வருகிறது, ஒன்றும் எனக்கென்று எழுதியதாகத் தெரியவில்லை.

எனக்கு 36 வயது. மகளுக்கு 4. கணவர் பாடசாலை ஆசிரியர். வெளிநாட்டுப் பட்டம் எதுவும் கையில் இல்லை, எல்லாம் இலங்கையில் படித்ததுதான். "படிச்சது காணும் பிள்ளை, இனி வீட்டைப் பார்" என்று அம்மா சொல்கிறா. எனக்குக் காணாது. என்னிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், நான் எங்கே தொடங்குவது?

வடமராட்சியான்
ஞாயிறு, இரவு 11.15

அக்கா, முதலில் வாழ்த்துகள். நான் பௌதிகவியல், சூரியக் கலங்களில் வேலை செய்கிறேன், இப்போது ஜேர்மனியில் இரண்டாவது வருடம். எனக்கும் இதே குழப்பம் இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போஸ்ட்டொக்குக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒரு பேராசிரியர் தன் ஆய்வுத் திட்டத்துக்குக் கிடைத்த காசில் ஆள் எடுப்பது. அதற்கு விளம்பரம் வரும், நேர்முகம் இருக்கும், அவருடைய கேள்விக்கு நீங்கள் வேலை செய்வீர்கள். மற்றது, நீங்களே உங்கள் கேள்வியை எழுதிக்கொண்டு ஒரு பேராசிரியரைக் கண்டுபிடித்து, இரண்டு பேருமாக ஒரு புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிப்பது. எங்கள் ஆட்கள் முதலாவதையே தேடித் தேடிக் களைத்துப் போகிறார்கள். இரண்டாவது வழியில் கதவு அதிகம் என்பதைச் சொல்வார் இல்லை.

வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குப் புலமைப்பரிசில் தரும் ஜேர்மனியின் ஹம்போல்ட் மன்றத்தை எடுங்கள். பட்டம் பெற்று 4 வருடத்துக்குள் என்றால் போஸ்ட்டொக் பிரிவு, 6 மாதத்திலிருந்து 24 மாதம் வரை. 12 வருடத்துக்குள் என்றால் அனுபவமுள்ள ஆய்வாளர் பிரிவு. நாட்டுக்கு இத்தனை பேர், பாடத்துக்கு இத்தனை பேர் என்ற கோட்டா கிடையாது. வருடம் முழுவதும் விண்ணப்பிக்கலாம், தெரிவுக்குழு வருடத்துக்கு மூன்று தடவை கூடுகிறது. ஜேர்மனியில் உங்களை ஏற்கும் பேராசிரியர் ஒருவர் எழுதித் தரவேண்டும். அதுதான் முதற்படி. கணவரும் பிள்ளையும் வந்தால் அதற்கும் உதவித்தொகை உண்டு, தொடங்குமுன் ஜேர்மன் மொழி வகுப்பும் தருவார்கள்.

அடுத்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி புலமைப்பரிசில். வழமையாகச் செப்டெம்பரில் விண்ணப்பம் முடியும். போட்டி கடுமை: 2024 இல் 10,360 விண்ணப்பங்கள், 1,696 பேருக்குக் கிடைத்தது. 2025 இல் விண்ணப்பங்களே 17,000 ஐத் தாண்டிவிட்டன. ஆனால் அதில் ஒரு விதியை நீங்கள் கவனிக்கவேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்தைய 36 மாதங்களில், போக நினைக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக்கூடாது. நான் ஜேர்மனியில் இருப்பதால் ஜேர்மனிக்கு விண்ணப்பிக்க முடியாது. நீங்கள் இலங்கையிலேயே இருந்து படித்தவர், எந்த நாட்டுக் கதவும் உங்களுக்கு மூடவில்லை. "வெளிநாட்டுப் பட்டம் இல்லை" என்று குறையாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, அந்த மிச்சம் இருக்கும் கேள்வி என்ன? அதைச் சொன்னால் எங்கே போகலாம் என்று பார்க்கலாம்.

மூன்றாம்_வருடம்
திங்கள், காலை 7.05

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். போஸ்ட்டொக் முடித்தால் கலாநிதிக்கு மேலே இன்னொரு பட்டம் கிடைக்குமா?

வடமராட்சியான்
திங்கள், காலை 10.30

இல்லைத் தம்பி. பட்டமும் இல்லை, பரீட்சையும் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஆய்வு ஒன்றே வேலை. முடிவில் கையில் இருப்பது கட்டுரைகளும், கற்றுக்கொண்ட முறையும், உங்களை அறிந்த நாலு பேரும்.

கிணற்றடி
திங்கள், இரவு 10.10

நன்றி தம்பி. கேள்வியைச் சொல்கிறேன்.

என்னிடம் 48 கிணறுகளின் தரவு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. தோட்டத்துக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டுகிறது. ஆனால் வீட்டுக் கிணறுகள் சிலவற்றிலும் தாண்டுகிறது. பக்கத்தில் வெங்காயமும் இல்லை, புகையிலையும் இல்லை. பத்து யார் தள்ளி மலசலகூடக் குழி இருக்கிறது. எவ்வளவு என்று எனக்குத் தெரியும். யூரியாவில் இருந்து வந்ததா, குழியில் இருந்து வந்ததா என்று தெரியாது. வாய்மொழிப் பரீட்சையில் வெளிப் பரீட்சகர் இதையே கேட்டார். "இந்த முறையால் சொல்ல முடியாது சேர்" என்று சொன்னேன். அவர் தலையாட்டி விட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். எனக்கு அந்தப் பக்கம் இன்னும் திருப்பப்படவில்லை.

நைதரசன்-15, ஒட்சிசன்-18 சமதானிகளை (ஒரே மூலகத்தின் பாரம் கூடிய அணுக்களை) அளந்தால் சொல்லலாம் என்று வாசித்திருக்கிறேன். யூரியாவின் நைதரசன் காற்றிலிருந்து எடுத்தது, அதனால் அதன் நைதரசன்-15 அளவு காற்றினுடையதை ஒட்டியே இருக்கும். மலக்குழியில் இலேசான நைதரசன் அமோனியாவாக ஆவியாகிப் போய்விட, பாரமானது மிஞ்சும். அந்தக் கைரேகை தண்ணீரிலும் இருக்கும். அதை அளக்கும் திணிவு நிறமாலைமானி எனக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

செம்மண்
செவ்வாய், காலை 6.20

நான் ஆய்வாளன் இல்லை. ஏழாலையில் தோட்டம் செய்கிறேன், விஞ்ஞானப் பட்டதாரிதான். ஒன்று கேட்கவேண்டும் போலிருக்கிறது. நான் படித்த துறையில் என் காலத்தில் நாலு பேர் வெளியே ஆய்வுக்குப் போனார்கள். நாலு பேரும் கெட்டிக்காரர். ஒருவர்தான் திரும்பி வந்தார். மற்ற மூன்று பேரும் வராததால் எங்கள் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு இரண்டு பாடம் எடுக்க ஆள் இல்லாமல் வருடக்கணக்காகப் போனது. தங்கச்சி, நீ போவதை நான் மறிக்கவில்லை. ஆனால் எங்கள் கிணற்றுக் கேள்வியோடு போய் அங்கே வேறு ஊர் ஆற்றைப் பற்றி எழுதிக்கொண்டு இருந்துவிட்டால் எங்களுக்கு என்ன மிச்சம்? இதை இங்கேயே செய்ய ஏன் முடியாது?

வடமராட்சியான்
செவ்வாய், பகல் 1.00

அண்ணை, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் வராதவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அரசப் பல்கலைக்கழக ஆளணியில் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர் என்று படிகள் இருக்கின்றன. போஸ்ட்டொக் என்று ஒரு படி இல்லை. கலாநிதி முடித்த ஒருவர் விரிவுரையாளர் வெற்றிடம் வரும்வரை நிற்பதற்கு இடமே இல்லை. 2022 இல் ரூபாய் விழுந்தபோது, நிற்க இடமில்லாதவர்கள்தான் முதலில் போனார்கள்.

ஆலடி
செவ்வாய், இரவு 8.45

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகிறது. இந்த இழையை மகள் காட்டினாள். பிள்ளை கிணற்றடி, உன் கேள்வி என்னை நித்திரை கொள்ள விடவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

1974 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் வளாகம் தொடங்கியது. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகம் ஆனது. நான் சேர்ந்தது அதற்குப் பிறகு. 1990 களில், போர்க்காலத்தில், மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி போட்ட விளக்கில் பரீட்சை விடைத்தாள் திருத்தினோம். தராசின் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு மாணவன் விளக்கைப் பிடிக்க இன்னொருவன் வாசித்த நாட்கள் இருந்தன. கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கிடையாது. அந்த நாட்களில் வடக்குக்கு வரவிடாத பொருட்களில் யூரியாவும் ஒன்று, செம்மண்ணுக்கு அது நினைவிருக்கும்.

இனிக் கவனி. 1988 இல் விவசாயத் திணைக்களத்தின் சஞ்சிகையில் யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கிணறுகளின் நைத்திரேற்றைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அது தடைக்கு முந்திய படம். பிறகு வருடக்கணக்காக யூரியா குறைந்தது, சனமும் இடம்பெயர்ந்தது. பிறகு இரண்டும் திரும்பி வந்தன. உலகத்தில் எந்த ஆய்வாளரும் வேண்டுமென்று செய்ய முடியாத பரிசோதனை ஒன்று எங்கள் மண்ணுக்கு அடியில் நடந்திருக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் ஒரே சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் மழைத்தண்ணீர். உரம் போட்டாலும் குழி வெட்டினாலும் அதற்குள்தான் போகிறது. இதைவிட வடிவான களம் உனக்கு ஐரோப்பாவில் எங்கே கிடைக்கும்? கருவி அங்கே இருக்கிறது, கேள்வி இங்கே இருக்கிறது. கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நீ யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை.

நீ எழுதப்போகும் கடிதத்தை இங்கே போடு. வடமராட்சித் தம்பியும் பார்க்கட்டும்.

கிணற்றடி
புதன், இரவு 11.30

சேர், வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நன்றி.

இது போன மாதம் 23 பேருக்கு அனுப்பிய மெயில், தமிழில் தருகிறேன். ஒருவரும் பதில் போடவில்லை.

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பெறுமதிமிக்க நேரத்தை எடுப்பதற்கு மன்னிக்கவும். நான் இலங்கையைச் சேர்ந்தவர். சுற்றாடல் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பூர்த்தி செய்துள்ளேன். தங்கள் புகழ்பெற்ற ஆய்வுகூடத்தில் போஸ்ட்டொக் ஆய்வாளராக இணைய மிகுந்த ஆர்வமாக உள்ளேன். கடின உழைப்பாளி, எந்தத் தலைப்பிலும் வேலை செய்யத் தயார். எனது சுயவிபரக்கோவையை இணைத்துள்ளேன். தங்கள் சாதகமான பதிலை எதிர்பார்க்கிறேன்."

ஆலடி
வியாழன், காலை 5.50

பிள்ளை, இந்தக் கடிதத்தில் கிணறே இல்லையே. 48 கிணறு எங்கே? "எந்தத் தலைப்பிலும் வேலை செய்யத் தயார்" என்ற வரியை எடு. அந்த வரியைப் பார்த்தால் உனக்கென்று ஒரு கேள்வி இல்லை என்று அவர் நினைப்பார். ஐந்தரை வருடம் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனவள் அப்படி எழுதக்கூடாது.

"ஐயா" என்று தொடங்கியதும் சரியில்லை. 23 பேரில் பெண்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரைப் போட்டு எழுது.

வடமராட்சியான்
வியாழன், மாலை 6.40

சேர் சொன்னதோடு நான் இதைச் சேர்க்கிறேன். எனக்குப் பதில் வந்த கடிதம் பதினொரு வரிதான். முதல் வரியில் அந்தப் பேராசிரியரின் ஒரு கட்டுரையில் ஒரு வரைபைச் சொல்லி, அது ஈரப்பதம் கூடிய காலநிலையில் எப்படி மாறும் என்று கேட்டேன். எங்கள் ஊர் வெக்கையில் பெரோவ்ஸ்கைற்று என்ற வகைச் சூரியக் கலங்கள் கெதியாகப் பழுதாவதை நான் கண்ணால் கண்டிருந்தேன், அதை இரண்டு வரியில் சொன்னேன். மூன்று நாளில் பதில் வந்தது. "உங்கள் தரவை அனுப்ப முடியுமா?" என்று மட்டும் கேட்டிருந்தார். வேலை கேட்டது பிறகுதான்.

அக்கா, உங்கள் கடிதத்தை இப்படி வைத்துப் பாருங்கள்:

"இன்னார் அவர்களுக்கு, சுண்ணக்கல் நீர்ப்படுகையில் நைத்திரேற்றின் மூலத்தைப் பிரித்தறியும் உங்கள் கட்டுரையில், மழைக்காலத்தில் இரண்டு மூலங்களின் கையொப்பமும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதாகக் காட்டியிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் 48 திறந்த கிணறுகளை மூன்று பருவமழைக்கு அளந்திருக்கிறேன். இங்கே தோட்டமும் மலக்குழியும் ஒரே காணிக்குள் இருக்கின்றன. எவ்வளவு என்று சொல்ல முடிகிறது, எதிலிருந்து என்று சொல்ல முடியவில்லை. வடிகட்டி உறையவைத்த மாதிரிகள் என்னிடம் உள்ளன. உங்கள் ஆய்வுகூடத்தில் சமதானி அளவீடு செய்யும் திட்டத்தோடு ஹம்போல்ட் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். ஒரு பக்கத் திட்டச் சுருக்கத்தை அனுப்பலாமா?"

முடிவில் ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு சின்னக் கேள்வி இருக்கவேண்டும். "சாதகமான பதில்" என்று எழுதினால் அவர் என்ன செய்யவேண்டும் என்று அவருக்கே தெரியாது. 23 பேர் வேண்டாம், ஐந்து பேர் காணும். ஆனால் அந்த ஐந்து பேரின் கட்டுரைகளையும் முழுக்க வாசியுங்கள்.

கைதடி_நிலா
வியாழன், இரவு 9.15

தங்கச்சி, நான் இரண்டு வயது மகனோடு யப்பானுக்குப் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவள். ஆய்வைப் பற்றி மற்றவர்கள் சொல்கிறார்கள், நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் போனது யப்பான் விஞ்ஞான மேம்பாட்டுச் சங்கத்தின் புலமைப்பரிசிலில். பட்டம் பெற்று 6 வருடத்துக்குள் இருக்கவேண்டும், 12 முதல் 24 மாதம். அங்கே இருக்கும் பேராசிரியர்தான் விண்ணப்பத்தைப் போடுவார், நாங்கள் நேரே போட முடியாது. மாதம் 3,62,000 யென், போய்வர விமானச் சீட்டு. கேட்கப் பெரிய காசுதான். ஆனால் வீடு எடுக்கும்போது முற்பணமும், வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கிடைக்காத ஒரு தொகையும் கட்டவேண்டியிருந்தது. முதல் மாதம் கையில் இருந்த காசு எல்லாம் அதற்கே போய்விட்டது. எங்கே போனாலும் முதல் இரண்டு மாதத்துக்கான காசை இங்கிருந்தே கொண்டுபோகப் பார்.

பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு நகரசபையில் விண்ணப்பிக்கவேண்டும், வேலை செய்வதாக ஆய்வுகூடம் எழுதிய கடிதம் கேட்டார்கள். அந்தக் கடிதத்தை இங்கிருந்தே கேட்டு வாங்கினேன். முதல் வாரம் மகன் வாசலில் நின்று "அம்மா, தமிழ் ரீச்சர் எங்கே?" என்று அழுதான். மூன்றாம் மாதம் எனக்கே யப்பானிய மொழியில் திருத்தம் சொன்னான். பிள்ளையைப் பற்றிப் பயப்படாதே. உனக்குத்தான் பின்னேரங்களில் கஷ்டமாக இருக்கும். ஆய்வுகூடம் இரவு எட்டு மணிக்கும் வெளிச்சமாக இருக்கும், நீ ஐந்தரைக்குப் பிள்ளையை எடுக்க ஓடவேண்டும். முதல் நாளே பேராசிரியரிடம் நேரே சொல். நான் நாலு மாதம் சொல்லாமல் சமாளித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டேன். சொன்னபோது அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, கூட்டங்களை எல்லாம் காலைக்கு மாற்றிவிட்டார்.

இன்னொன்று, மேரி கியூரியில் பட்டத்துக்குப் பிறகான 8 வருட எல்லையில் பிள்ளைப் பராமரிப்புக்கு எடுத்த காலத்தைக் கழித்துக் கணக்கிடுவார்கள். பிறப்புச் சான்றிதழைக் கையோடு வைத்திரு.

பத்திரங்களை உறுதிப்படுத்த முன்பு கொழும்புக்கு ஓடினோம். இப்போது யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்தில்) கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. மொழிபெயர்ப்புகளை முதலே செய்து வை.

நூலகப்படி
வெள்ளி, காலை 9.00

எல்லாம் விஞ்ஞானமாகவே போகிறது. நான் வரலாறு. எங்கள் பக்கத்தில் விளம்பரம் மிகக் குறைவு, ஆனால் அடியோடு இல்லை என்று நினைக்கவேண்டாம். ஹம்போல்ட், மேரி கியூரி இரண்டும் எந்தப் பாடத்துக்கும் திறந்தவை. தமிழ் தெரிந்தவருக்கு மதிப்புள்ள இடங்கள் இருக்கின்றன: 1955 இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவகம், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் எங்கள் சனம் காசு சேர்த்து உருவாக்கிய தமிழ் இருக்கை. அந்த இருக்கைக்கான 30 இலட்சம் டொலர் 2021 இல் நிறைந்தது.

1981 இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 புத்தகங்களுக்கு மேல் போயின. அதனால் எங்கள் வரலாற்றை எழுத மூலங்கள் வெளியூர் ஆவணக்காப்பகங்களிலும் வீட்டுப் பெட்டகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் போக ஒரு போஸ்ட்டொக் காலம் கிடைத்தால், எங்களுக்கு அது பதவி உயர்வைவிடப் பெரிது. விஞ்ஞானத்துக்குச் சொன்ன அதே கடித முறை எங்களுக்கும் பொருந்தும். வரைபுக்குப் பதிலாக ஒரு ஏட்டைச் சொல்லுங்கள்.

செம்மண்
வெள்ளி, இரவு 7.30

எல்லாவற்றையும் வாசித்தேன். ஆலடிச் சேர் சொன்ன யூரியாக் கதை உண்மை. அப்பா அந்த வருடங்களில் பூவரசங்குழையும் எருவும் தாட்டுத்தான் வெங்காயம் செய்தார். அந்தக் கணக்குக் கொப்பிகள் இன்னும் பரணில் இருக்கின்றன, எந்தப் போகம் என்ன போட்டார் என்று எழுதியிருக்கிறார்.

ஆனால் என் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. இங்கே ஏன் முடியாது?

ஆலடி
சனி, காலை 6.00

செம்மண், அந்தக் கொப்பிகளை எறியவேண்டாம். கையெடுத்துக் கேட்கிறேன்.

உமது கேள்விக்கு: ஒரு பகுதி இங்கே முடியும். பெண் விஞ்ஞானிகளுக்கான உலக அமைப்பு ஒன்று இத்தாலியின் திரியெஸ்ற் நகரிலிருந்து இயங்குகிறது. வளரும் நாடுகளில் கலாநிதி முடித்துச் சொந்த நாட்டு நிறுவனத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு, சொந்த ஆய்வைக் கட்டியெழுப்ப இரண்டு வருடத்துக்கு 50,000 டொலர் வரை தருகிறது. அதற்கு இங்கே ஒரு பதவி இருக்கவேண்டும், அதுதான் சிக்கல். அதே நகரில் பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1983 இல் தொடங்கிய விஞ்ஞானக் கழகம், தெற்கு நாடுகளுக்கிடையே போய்வரப் புலமைப்பரிசில் தருகிறது. எங்கள் தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் மானியம் கொடுக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் ஏற்கனவே பதவியில் இருப்பவரின் பெயரில்தான் வரும்.

அதனால் நான் சொல்வது இதுதான். போகும்போதே திரும்பும் வழியைத் திட்டத்துக்குள் எழுதிவிடவேண்டும். மாதிரி எடுப்பது இங்கே, அளப்பது அங்கே, தரவு இரண்டு இடத்திலும். இங்குள்ள ஒரு மாணவரைக் கூட்டு மேற்பார்வையில் சேர்த்துக்கொள். அப்படி எழுதினால் வருடத்துக்கு இரண்டு தடவை உன் கால் இந்தச் செம்மண்ணில் படும். பௌதிகவியலில் நோர்வேயோடு எங்கள் பல்கலைக்கழகம் செய்த கூட்டு வேலை அப்படித்தான் ஊன்றியது. ஆட்கள் போனார்கள், வந்தார்கள், மாணவர்களும் போய் வந்தார்கள். நிரந்தரப் பதவி கிடைத்த பிறகும் வழி இருக்கிறது: ஹம்போல்டின் அனுபவமுள்ள ஆய்வாளர் பிரிவில் 18 மாதத்தை மூன்று தடவையாகப் பிரித்துப் போகலாம். ஏழு வருடச் சேவைக்குப் பிறகு, ஆய்வுக்கென்று தரும் சபட்டிக்கல் விடுமுறையும் இருக்கிறது.

திரும்பாதவர்களை நான் திட்டியிருக்கிறேன். வயது போகப் போக அவர்களிடம் நாங்கள் எதையும் கேட்கவில்லை என்பதும் தெரிகிறது. ஒரு மாதிரியை அளந்து தா, ஒரு விரிவுரை ஸூமில் எடு என்று கேட்டிருந்தால் பாதிப்பேர் செய்திருப்பார்கள்.

மூன்றாம்_வருடம்
சனி, காலை 11.20

எனக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. கனடாவில் ஆய்வு இடம் தருகிறார்களாம், பதிவுக் கட்டணம் 150 டொலர் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கைதடி_நிலா
சனி, காலை 11.45

கட்டாதே தம்பி! இடம் தருகிறோம் என்று தாங்களாக மெயில் போட்டுக் காசு கேட்பவர்கள் கள்ளர். இங்கே சொன்ன ஹம்போல்ட், மேரி கியூரி, யப்பான் புலமைப்பரிசில் மூன்றுக்கும் விண்ணப்பிக்க ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு ஒரு கிழமையில் கட்டுரை போடும் சஞ்சிகைகளிடமும் போகாதே. தெரிவுக்குழுவில் இருப்பவர்களுக்கு அவற்றின் பெயர்கள் பாடம்.

கிணற்றடி
(ஏழு வாரத்துக்குப் பிறகு) ஞாயிறு, இரவு 8.20

எல்லோருக்கும் திரும்ப வணக்கம். ஐந்து பேருக்கு எழுதினேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் நாலு இரவு போனது. இரண்டு பேர் பதில் போடவில்லை. ஒருவர் இடமில்லை என்றார், ஆனால் என் மாதிரி சேமிப்பு முறையில் ஒரு பிழையைக் காட்டி எழுதியிருந்தார், அதுவே பெரிய உதவி. ஒருவர் அடுத்த வருடம் கேட்கச் சொன்னார்.

ஐந்தாமவர் ஜேர்மனியில், ஒரு பெண் பேராசிரியர். ஒரு பக்கச் சுருக்கத்தைக் கேட்டா, அனுப்பினேன். போன புதன் ஸூமில் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். நடுவில் மகள் வந்து மடியில் ஏறினாள், அவ கையசைத்துவிட்டுத் தன் கேள்வியைத் தொடர்ந்தா. யூரியாத் தடையைப் பற்றிச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டு "அந்தக் காலத்தில் யார் என்ன உரம் போட்டார்கள் என்று பதிவு இருக்கிறதா?" என்று கேட்டா. ஒரு விவசாயியின் கணக்குக் கொப்பிகள் இருக்கின்றன என்று சொன்னேன். செம்மண் அண்ணை, உங்களைக் கேளாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவேண்டும்.

ஹம்போல்டுக்கு ஏற்புக் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறா. இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை, விண்ணப்பமே இனித்தான். வருடத்துக்கு இரண்டு தடவை இங்கே மாதிரி எடுப்பது என்று திட்டத்தில் எழுதிவிட்டோம். அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கை தண்ணி நல்லதோ?" என்று கேட்டா.

இப்போது ஒரு உதவி வேண்டும். முன்னோட்டமாகப் பத்து மாதிரி கேட்டிருக்கிறா. எல்லாம் ஒரே வாரத்தில், மழை தொடங்குமுன் எடுக்கவேண்டும். எட்டுக் கிணறு கிடைத்துவிட்டது. தோட்டத்துக்குள் இருக்கும், மலக்குழிக்குத் தூரமான கிணறு இரண்டு வேண்டும். ஏழாலைப் பக்கமோ புத்தூர்ப் பக்கமோ யாரிடமாவது இருக்கிறதா?

மூன்றாம்_வருடம்
ஞாயிறு, இரவு 8.50

அக்கா, புத்தூரில் எங்கள் பெரியப்பாவின் தோட்டக் கிணறு இருக்கிறது, நிலாவரைக்குப் போகும் வழியில். வீடு தள்ளி இருக்கிறது. மாதிரி எடுக்கும்போது நானும் நிற்கலாமா? எப்படி என்று பார்க்க ஆசை.

செம்மண்
ஞாயிறு, இரவு 9.10

மன்னிப்பு எதற்குத் தங்கச்சி? கொப்பிகளைப் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டியாயிற்று. 1989 இலிருந்து இருக்கிறது, இரண்டு கொப்பியைக் கறையான் அரித்துவிட்டது, மிச்சம் வாசிக்கலாம். எங்கள் கிணற்றிலும் எடு. சனிக்கிழமை ஆறு மணிக்கு வா. நீர்மட்டம் அளப்பதென்றால் இறைக்கமுன் அளக்கவேண்டும், ஆறரைக்கு மோட்டர் போட்டுவிடுவேன். பெட்டிக்கு ஐஸ் கொண்டுவரவேண்டாம், வீட்டில் உறையவைத்து வைக்கிறேன்.